நிலையும் கதவும்

என் மகளுக்கு,

அப்பா வாயால் சொல்ல, இன்னொருவர் கையால் எழுதப்படும் கடிதம் இது. எழுதுகிறவர் குடும்ப நீதிமன்ற வாசலில் குடைக்கு அடியில் மேஜை போட்டிருக்கும் மனு எழுதும் அம்மா. உன் வழக்கின் முதல் மனுவிலிருந்து எல்லாம் அவர் எழுதியதுதான். அதனால் நம் வீட்டுக் கதை எதையும் அவரிடம் மறைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சங்கடம். நான் சொல்கிற சில வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறார். எங்கேயாவது வாக்கியம் பாதியில் நின்றால் மீதியை நீயே போட்டு நிரப்பிக்கொள். உன் மாமியாரைப் பற்றியது என்றால் எதைப் போட்டாலும் பொருந்தும்.

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. கனமான மரம் தூக்க வேண்டாம், உட்கார்ந்து இழைத்தால் போதும் என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார். உனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கைத்தோல் உரிகிறது என்று சொன்னாயே, உறை போட்டுக்கொள்ளக் கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் சும்மா இருக்காதே, கேள். நீ கேட்காமல் இருந்தே பழகிவிட்டாய்.

போனில் இந்த வழக்குப் பேச்சை எடுத்தால், "சரியா கேக்கலப்பா" என்று வைத்துவிடுகிறாய். மழை, வெயில், சாப்பாடு எல்லாம் நன்றாகக் கேட்கிறது, இது மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் கடிதம். போன தடவை நீ எழுதியதில், "எதுவும் வேண்டாம் அப்பா, விட்டுவிடுங்கள்" என்று இருந்ததாம். மனு அம்மா படித்துக் காட்டினார். இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். இரண்டாம் தடவையும் அதேதான் இருந்தது.

விடவில்லை. என்ன நடந்தது என்று கேள்.

நீ இந்த ஊர்ப் பக்கமே வராததால், கடைசி விசாரணைக்கும் உனக்குப் பதிலாக நான்தான் நின்றேன். கல்யாணத்துக்கு நாம் கொடுத்ததையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கட்டில், முழு உயரக் கண்ணாடி பதித்த அலமாரி, சாப்பாட்டு மேஜை, உன் பெயர் வெட்டிய பித்தளை அண்டா, எவர்சில்வர் பாத்திரங்கள், உன் சங்கிலி, உன் அம்மா போட்டிருந்து உனக்கு விட்டுப்போன வளையல். நீதிபதி அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் பில் இருக்கா பெரியவரே?" என்றார். என் கையால் செய்த கட்டிலுக்கு நான் யாரிடம் போய் பில் வாங்குவேன்? வளையலை வாங்கிய கடைக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அதைப் போட்டிருந்தவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாட்சிக்கு நம் ரம்பம் வந்தான். அதுதான், பட்டறையில் என் பக்கத்துப் பலகைக்காரன், வாய் ஓயாமல் அறுப்பானே, அவன். "நீ இவருக்குக் கூட்டாளிதானே?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் பேச வந்து பேசாமல் திரும்பினான்.

பிறகு உன் மாமியார் கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு உடுத்திய துணியோடுதான் வந்தாள் என்றாள். கட்டில் தெரியாது, அலமாரி தெரியாது, வளையல் என்றால் என்ன என்று கேட்காத குறை. அதோடு நிறுத்தியிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். ஆனால் என்னை ஒரு குத்துக் குத்தாமல் இறங்க அவளுக்கு மனம் வரவில்லை. என் பக்கம் கையை நீட்டி, "பெருசா என்னம்மா கொண்டு வந்தா? வாசலுக்கு ஒரு நிலையும் கதவும் செஞ்சு குடுத்தாரு, அவ்வளவுதான். மரம் இழைக்கிறவர் வீட்டுல வேற என்ன கிடைக்கும், மரத்தூளா?" என்றாள். அவள் பக்கத்து வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி அம்மா குனிந்து எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. எதற்கும் ஆதாரம் இல்லையாம், ஒன்றும் கிடையாது. ஆனால் நிலையும் கதவும் கொடுத்ததை அவர்களே ஒப்புக்கொண்டதால், அந்தப் பொருளை மட்டும் உன்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். படிக்கட்டில் இறங்கும்போது உன் மாமியார் எனக்குக் கேட்கும்படி, "போங்க, அந்தக் கதவையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனு அம்மாவே, "இத்தனை வருஷம் அலைஞ்சதுக்கு இதுதானா பெரியவரே, மேல் கோர்ட்டுக்குப் போவோமா?" என்று வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார். கட்டிலை எடுத்தால் தரையில் படுப்பார்கள். பாத்திரத்தை எடுத்தால் வேறு வாங்குவார்கள். வாசற்கதவை நிலையோடு எடுத்தால் அந்த வீட்டுக்கு மானம் எங்கே இருக்கும்?

எடுக்கப் போன நாளைச் சொல்கிறேன். நீதிமன்றத்து அமீனா உத்தரவோடு முன்னால் போனார். நான், ரம்பம், ஒரு கொத்தனார், அவருடைய ஆட்கள், ஒரு தட்டு வண்டி. காலை வெயில் ஏறிய நேரம், தெருவில் எல்லாரும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாள். நாளைத் தேர்ந்தெடுத்தது நான்தான், அமீனா இல்லை.

உன் பழைய புருஷன் வாசலில் நின்றான். முகத்தில் இன்னும் அதே களை, சட்டையில் இன்னும் அதே இஸ்திரி. "கதவை வேணா கழட்டிக்குங்க சார், நிலை வீட்டோட சேர்ந்தது, அதுல கை வைக்கக் கூடாது" என்று அமீனாவிடம் சட்டம் பேசினான். அமீனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நிலையும் கதவும்னு இருக்குங்க. உங்க அம்மா வாயால சொன்னது. நான் எதையும் சேர்க்கல" என்றார். பயல் உள்ளே போனான். போனவன் படீரென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டான். தாழ் போட்டுவிட்டால் கதவைக் கழற்ற முடியாது, இவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று தாயும் மகனும் நினைத்திருக்கிறார்கள். ரம்பம் கையைத் தட்டினான். "நல்லதாப் போச்சு. மூடின கதவு ஆடாம வரும்" என்றான்.

கொத்தனார் மேலே தட்டிப் பார்த்தார். உத்தரம் தனியாக நிற்கிறது, சுவர் விழாது என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் பூச்சைக் கொத்த ஆரம்பித்தார். சுவருக்குள் நிலையைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளை ரம்பம் அறுத்தான். எந்த இடத்தில் பட்டை இருக்கிறது என்று நான் விரலை வைத்துக் காட்டினேன். வைத்தவன் நான்தானே. உள்ளே ஓட்டமும் இழுப்புமாகச் சத்தம் கேட்டது. எங்களுக்கு என்ன வந்தது என்று வேலையைப் பார்த்தோம். கடைசியில் எல்லாருமாகத் தோள் கொடுத்து, நிலை, கதவு, உள்ளே போட்ட தாழ் உட்பட, மூடியது மூடியபடியே அப்படியே வெளியே இழுத்து இறக்கினோம்.

தூசி அடங்கியது. அப்போதுதான் அம்மாடி, நான் நினைத்தே பார்க்காதது நடந்தது.

வாசல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. ஓட்டைக்கு நேரே கூடம். கூடத்தில் நம் கட்டில், அதற்குப் பக்கத்தில் நம் அலமாரி. கண்ணாடி தெருவைப் பார்த்து நின்றது. உன் மாமியார் அதை உள்ளே தள்ளப் பார்த்து முடியாமல், ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். போர்வை பாதிக் கண்ணாடி வரைதான் இறங்கியது. கீழ்ப்பாதிக் கண்ணாடியில் தெருவில் நின்ற அத்தனை பேருடைய கால்களும் தெரிந்தன. மகன் பித்தளை அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தான். மறைக்கிறானாம். உட்கார்ந்த இடத்துக்குக் கீழே உன் பெயர் வெட்டியிருக்கிறது. எதிர்வீட்டு டீச்சர் சத்தமாகவே படித்துவிட்டார். "இது அந்தப் பொண்ணோட சாமான் இல்ல? கோர்ட்டுல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னதாச் சொன்னீங்க?" என்றார். உன் மாமியார் போர்வையைப் பிடித்த கையை எடுக்கவும் முடியாமல், பிடித்துக்கொண்டே நிற்கவும் முடியாமல் நின்ற நிற்பு இருக்கிறதே, அதை உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அவற்றையும் எடுத்துவிடலாமா என்று ரம்பம் துள்ளினான். அமீனா தடுத்தார். "எனக்கு உத்தரவு கதவுக்கு மட்டும்தான். ஆனா கண்ணுல பட்டதை எழுதறதுக்கு உத்தரவு வேண்டாம்" என்று சொல்லி, அங்கேயே நின்று எழுதினார். டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து போட்டார்கள். அந்த வீட்டின் மேல் தெருவுக்கு எவ்வளவு காலத்துக் கோபமோ.

தட்டு வண்டியில் கதவை ஏற்றித் தெரு முழுக்க நடத்திக்கொண்டு வந்தேன். மூடிய கதவு, தாழ் போட்டபடி. ரம்பம் வழியெல்லாம் அதைத் தட்டி, "யாரும்மா வீட்டுல?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பட்டறையில் இறக்கி, தாழை நீக்கக் கதவைத் திருப்பிப் போட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கதவின் உள்பக்கம், நான் வைத்த தாழுக்கு மேலே, நான் வைக்காத ஒரு கொண்டி இருந்தது. பூட்டு மாட்டுகிற கொண்டி. மட்டமான இரும்பு. திருகாணியைத் திருகக்கூடப் பொறுமையில்லாமல் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறான், மரம் பிளந்திருக்கிறது. வாசற்கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போடுவது திருடனுக்காக. உள்பக்கம் பூட்டுப் போடுவது யாருக்காக? வெளியே இருந்து வருகிறவனைத் தடுக்கத் தாழ் போதும். உள்ளே இருக்கிறவளைத் தடுக்கத்தான் பூட்டும் சாவியும் வேண்டும். பூட்டு தொங்கி ஆடி ஆடி மரத்தில் அரைவட்டமாக ஒரு தேய்மானம் விழுந்திருக்கிறது. ஒருநாள் இருநாள் தொங்கினால் அப்படித் தேயாது. ரம்பம் அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தான்.

அதைக் கழற்றி எறிய உளியை எடுத்தேன். மனு அம்மாதான், தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். இருக்கிறது. ஒரு சாக்கை மேலே போட்டு மூடியிருக்கிறேன்.

இப்போது அந்த வீட்டு வாசலில் தார்ப்பாய் தொங்குகிறதாம். காற்றடித்தால் தெருவே கூடத்துக்குள் வருகிறதாம். ஒரு ஆடு நேராக உள்ளே போய் வழக்குக் காகிதத்தைத் தின்றுகொண்டிருந்ததாக டீச்சர் சொன்னார். மகனும் அம்மாவும் முறை வைத்து உட்கார்ந்து காவல் காக்கிறார்கள். வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் கிடப்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். புதுக் கதவு போட அந்த ஊர் ஆட்கள் ஒருவரும் போகவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரம்பம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

போன வாரம் உன் மாமியார் பட்டறைக்கு வந்தாள். நேரில், தனியாக. நான் இழைப்பை நிறுத்தவில்லை. ரம்பம்தான் ஒரு பலகையைத் தட்டிப் போட்டு, "உக்காருங்க சம்பந்தியம்மா, மரத்தூள் ஒட்டும், பரவாயில்லையா?" என்றான். உட்கார்ந்தாள். பொய்ச் சத்தியத்துக்கு உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அவள் வக்கீல் பயமுறுத்தியிருக்கிறார் போலிருக்கிறது. "எல்லாத்தையும் குடுத்துடறோம் அண்ணே. கேஸை முடிச்சுக்கலாம். கதவை மட்டும் திருப்பி மாட்டிக் குடுங்க" என்றாள். என்னை அண்ணே என்று கூப்பிட அவளுக்கு ஒரு கதவு போக வேண்டியிருந்தது.

"எல்லாம்னா என்னென்னம்மா? உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றேன். சொல்லட்டும் பார்ப்போம், திணறட்டும் என்றுதான் கேட்டேன். அவள் திணறவில்லை. கட்டிலில் ஆரம்பித்தாள். மூடி போட்ட தூக்கு, கைப்பிடி ஆடுகிற கரண்டி, உன் சங்கிலியின் கொக்கி, உன் அம்மா வளையலில் இருந்த நெளிசல், நீ சீப்பு வைத்திருந்த சின்ன மரப்பெட்டி. அந்தப் பெட்டியை நானே மறந்திருந்தேன். மிச்சமான துண்டு மரத்தில் விளையாட்டாகச் செய்தது. ஒன்று விடாமல் சொன்னாள்.

என் ஞாபகத்தைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் அதே அளவு ஞாபகம். உண்மையிலேயே மறந்துபோனவளாக இருந்தால், வயதாகிவிட்டது பாவம் என்று விட்டிருப்பேனோ என்னவோ. சத்தியம் செய்து கூண்டில் நின்றபோது இத்தனையும் அவள் மனதில் வரிசையாக இருந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

இழைப்புளியைக் கீழே வைத்தேன். "ஒண்ணு விட்டுட்டீங்க. கதவுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு. அது நான் குடுத்ததில்ல. அதோட சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அது மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. "திருடன் பயம் அண்ணே..." என்று ஆரம்பித்தாள். ரம்பம், "திருடன் உள்ளேதான் இருந்தானா?" என்றான். எழுந்து போய்விட்டாள். முந்தானையில் மரத்தூள் ஒட்டியிருந்தது, தட்டிக்கொள்ளக்கூட இல்லை. போகிறவளைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இந்த அம்மா எழுத மாட்டேன் என்கிறார்.

அவர்கள் வக்கீல் சமாதானப் பத்திரம் தயாரித்து அனுப்பியிருக்கிறார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சொன்ன சாமான் எல்லாம் கொடுத்துவிடுவார்கள், சங்கிலி, வளையல் உட்பட. அதற்குப் பதிலாக நீ அவர்கள் மேல் இனி எந்தப் புகாரும் கொடுக்கக் கூடாது. பூட்டைப் பற்றியும் பேசக் கூடாது, அதைத் தனியாகவே ஒரு வரி போட்டிருக்கிறார்களாம். நான் நிலையையும் கதவையும் பழைய இடத்திலேயே மாட்டிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து நீதான் போட வேண்டும், உனக்காக நான் போட்டால் செல்லாதாம். பொருள் கைக்கு வருகிறது, வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று மனு அம்மா சொல்கிறார். எழுதுவது என் வேலை, யோசிப்பது உங்கள் வேலை என்றும் சொல்கிறார்.

நான் யோசித்துவிட்டேன். உன் அம்மாவின் வளையலை எனக்குத் திரும்பப் பார்க்க ஆசைதான். ஆனால் அந்தக் கொண்டி இருந்த கதவை நான் தூக்கிக்கொண்டு போய் அதே சுவரில் நிறுத்தி, திறந்து மூடிப் பார்த்து, நன்றாக மூடுகிறது என்று சொல்லிவிட்டு வரவேண்டும். அது என்னால் ஆகாது. அவர்கள் கூண்டில் ஏறட்டும். வளையலுக்கும் அண்டாவுக்கும் இல்லை, சாவி யாரிடம் இருந்தது என்பதற்குப் பதில் சொல்லட்டும். அது வரைக்கும் அந்த வீடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கட்டும். எத்தனை மழை பெய்தாலும் சரி.

அங்கே உனக்கு என்ன நடந்தது என்று நான் கேட்க மாட்டேன். என்னிடம் சொல்ல வேண்டாம். நீதிபதி அம்மாவிடம் சொன்னால் போதும். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காது கேட்காத தூரம் எது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

மனு அம்மா ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எல்லாம் தபாலிலேயே முடிந்துவிடுமாம், நீ வரவே வேண்டியதில்லையாம். போடாவிட்டால் நீயே நேரில் வர வேண்டுமாம். ஒரு தடவை வந்துவிட்டு ஓடிவிடவும் முடியாதாம், கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டுமாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகுமாம்.

ஆகையால் கையெழுத்துப் போடாதே.

கை கால் சுகத்தோடு இரு. யார் முன்னாலும் தலை குனியாமல் இரு. நான் கும்பிடுகிற தெய்வம் உன்னைக் காக்கட்டும். காக்க மறந்தால் அதற்கும் நான் மனு போடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)